மருத்துவச்சிக்கு ஏழரை

இருபது பெண்களுக்குப் பிரசவம் பார்த்த கை எப்படி இருக்கும் என்று போன மாதம் ஓர் இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாரக் கண்டேன். நகக்கண்ணெல்லாம் மசி. பச்சை, சிவப்பு, நீலம், கறுப்பு.

அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங், ஏழாவது செமஸ்டர். பாயை விரித்து, அதன்மேல் கேஸ் புக், ஒரு அடி ஸ்கேல், ஜெல் பேனாக்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் அவித்த வேர்க்கடலை. விடிந்தால் மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். மணி ஒன்பதரை. பதினோராவது தாய்க்கு அப்போதுதான் வலி கண்டிருந்தது.

"எப்படி இருக்கா?" என்றேன்.

"யாரு மாமா?"

"பதினோராவது."

"நாலு சென்டிமீட்டர் தொறந்திருக்கு. பத்து வரணும். இன்னும் ஆறு கட்டம்." ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. ஆறு மணி நேர வலி ஒரு நொடியில் தீர்ந்தது.

பார்ட்டோகிராப் என்று அந்தத் தாளுக்குப் பெயர். கருப்பை வாய் எவ்வளவு திறந்தது, உள்ளே பிள்ளையின் இதயத் துடிப்பு என்ன, பத்து நிமிஷத்தில் வலி எத்தனை முறை வந்தது, தாயின் நாடி எப்படி என்று மணி போட்டுக் குறித்துக்கொண்டே வருவார்கள். சாய்வாக இரண்டு கோடு ஓடும். முதல் கோட்டைத் தாண்டினால் உஷார். இரண்டாவதைத் தாண்டினால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். ஏழை நாடுகளில் எத்தனையோ தாய்மாரின் உயிரைப் பிடித்து நிறுத்திய தாள் அது. அக்கா மகள் புத்தகத்தில் முதல் பத்துத் தாய்மாருக்கும் அது ஒரே அச்சு. மணிக்கு ஒரு சென்டிமீட்டர், பிசகே இல்லை. பாகூருக்கு வருகிற டவுன் பஸ் இந்த ஒழுங்கைப் பார்த்தால் வெட்கப்படும். பிள்ளைகளும் அப்படியே. பிள்ளையின் தெம்பை அளக்கிற அப்கார் மதிப்பெண் பிறந்த முதல் நிமிஷத்தில் 8, ஐந்தாம் நிமிஷத்தில் 9, பத்துப் பேருக்கும். எடை இரண்டே முக்காலுக்கும் மூன்றுக்கும் நடுவில். நஞ்சு முழுசாக வந்துவிட்டது. ஒருத்திகூட "ஐயோ அம்மா" என்று அலறவில்லை, நர்சின் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கவில்லை, கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்க்கவில்லை. கேஸ் புக் தேசத்துப் பெண்கள் தங்கமானவர்கள்.

"நிஜமா எத்தனை பாத்தே?"

கடலையை உரித்துக்கொண்டே யோசித்தாள். "ஒன்னரை."

"அரை எப்படிம்மா?"

"தலைய பி.ஜி. டாக்டர் புடிச்சாங்க மாமா. கொடிய நான் வெட்னேன்."

மீதிப் பதினெட்டரைப் பேர் சீனியரின் புத்தகத்திலிருந்து வந்தவர்கள். அந்த சீனியருக்கு அவளுடைய சீனியர் கொடுத்தது. குரு சிஷ்ய பரம்பரை. பேர், வயசு, ஊர் மட்டும் மாறும், வலி மாறாது. அந்த முதல் பெண் யாரோ, எந்த வருஷம் எந்த வார்டில் பெற்றாளோ, பாவம், தலைமுறை தலைமுறையாக இன்னும் பெற்றுக்கொண்டே இருக்கிறாள்.

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். மாநில எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுகூடச் சொல்ல மாட்டேன். எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் அது ஒரு வசதி. வில்லியனூரில் ஏறிப் பாகூரில் இறங்குவதற்குள் எத்தனை முறை தமிழ்நாட்டுக்குள் போய் வருகிறோம் என்று பஸ் கண்டக்டருக்கே தெரியாது. பிரெஞ்சுக்காரன் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டுப் போன ஊர். குற்றவாளியைத் தேட ஆரம்பித்தால் ஒவ்வொரு வரப்பிலும் அடுத்த மாநிலத்தைக் கை காட்டலாம்.

அவளைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வரிசையைச் சொன்னாள். பிரசவ அறையில் ஒரு பெண் படுத்திருந்தால் அவளைச் சுற்றி நிற்கிற வரிசை. முதலில் பி.ஜி. மாணவர். அவருக்கும் ஒரு லாக் புக் உண்டு, அதுவும் நிரம்ப வேண்டும். அப்புறம் ஹவுஸ் சர்ஜன். அப்புறம் எம்.பி.பி.எஸ். பிள்ளைகள். அப்புறம் எம்.எஸ்சி. நர்சிங். அதற்கும் பின்னால் சுவரோரமாக பி.எஸ்சி. நர்சிங், எட்டுப் பேர், கையில் நோட்டோடு எட்டி எட்டிப் பார்த்தபடி. சுவருக்குள் இடம் இருந்தால் ஜி.என்.எம்., ஏ.என்.எம். பிள்ளைகள் அங்கே நிற்பார்கள். இத்தனை பேருக்கும் நடுவில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருப்பவளை யாரும் மறந்துவிடவில்லை, அவள்தான் கேஸ். பெரிய டாக்டர் வருவார், மணியைப் பார்ப்பார், தியேட்டருக்குத் தள்ளச் சொல்வார். வரிசை அப்படியே கலையும். எட்டுப் பிள்ளைகளும் அன்று ராத்திரி பாயை விரித்து அந்தப் பெண்ணுக்கு எட்டுச் சுகப்பிரசவம் செய்து வைப்பார்கள்.

நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் நெடுநாள் இருந்த கணக்கு 20 பிரசவம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருத்துவச்சிப் படிப்புக்கு 40. பிள்ளை கிடைக்காத ஊரென்றால் 30-க்குக் குறையக் கூடாது, அதோடு இன்னும் 20 பிரசவத்தில் கூட நின்று உதவியிருக்க வேண்டும். பிள்ளைப் பஞ்சம் பிடித்து ஆடுகிற ஐரோப்பாவில் 40 கிடைக்கிறது. நூற்று நாற்பது கோடிப் பேரைப் பெற்றுப் போட்ட தேசத்தில், படிக்கிற பெண்ணுக்கு ஒன்றரை கிடைக்கிறது.

செய்முறைத் தேர்வுக்கு அதுவும் தேவையில்லை, பொம்மை போதும். ரப்பர் இடுப்பு, உள்ளே ஒரு ரப்பர் பிள்ளை. பிள்ளைகள் அதன் தலைமாட்டில் நின்று, "அம்மா, மூச்ச நல்லா இழுத்து விடுங்க, பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும், அதற்கு மார்க் உண்டு. நிஜப் பெண்ணிடம் அப்படிப் பேசினால் மார்க் கிடையாது, யாரும் பேசுவதும் கிடையாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வெளியூர் எக்ஸ்டர்னல் முன்னால் நம்பிக்கையாகச் சுகப்பிரசவம் ஆகிற ஒரே பெண்மணி அந்தப் பொம்மைதான்.

*

பாகூர் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லூரி ஊர். வாகூர் என்று அப்போது பெயர். நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்துச் செப்பேட்டில் இருக்கிறது, இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த கதை. அன்றைக்கு அரசாங்கம் கல்லூரிக்கு ஊரைக் கொடுத்தது. இன்றைக்கு ஊர்க்காரன் கல்லூரிக்குக் கழனியைக் கொடுக்கிறான். என் அத்தான் மகள் ஃபீசுக்காக அரைக்காணி விற்றார், ஏரிப் பாசனம், வண்டல். வாங்கியவர் மறு வாரமே நான்கு கல் நட்டு நகர் என்று பெயர் வைத்துவிட்டார். வில்லியனூர், பாகூர் என்ற இந்த இரண்டு கொம்யூன்களுக்குள் மட்டும் எத்தனை தனியார் மருத்துவக் கல்லூரிகள் என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு கை கிட்டத்தட்ட நிரம்பிவிடும். தொட்டுக்கொள்ள நர்சிங் கல்லூரிகள். நெல் விளைந்த பூமி, இப்போது சர்டிபிகேட் விளைகிறது, முப்போகம்.

இத்தனை மருத்துவமனைக்கு நடுவில் வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயிலுக்கும் கூட்டம் குறையவில்லை. அங்கே பிரசவ நந்தி என்று ஒருவர் இருக்கிறார். சுகப்பிரசவம் வேண்டுமென்றால் வயிற்றுப் பிள்ளைக்காரி வந்து அவரைத் திசை திருப்பி வைத்து வேண்டிக்கொள்வாள் என்பது ஐதீகம். நான் நக்கல் செய்யவில்லை. சொல்லப்போனால் நந்தியை எனக்குப் பிடித்திருக்கிறது. திருப்பி வைத்தால் பொறுமையாக அப்படியே இருப்பார். மாலை ஆறு மணி ஆகிவிட்டது, கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று கத்தியை எடுக்க மாட்டார்.

இனி அந்தச் சர்டிபிகேட்டைப் பார்ப்போம். நான்கு வருஷம் முடித்துக் கவுன்சிலில் பதிந்ததும் ஆர்.என்., ஆர்.எம். என்று இரண்டு பட்டம் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள். ஆர்.எம். என்றால் ரீஜனல் மேனேஜரா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்ட கதையும் எங்கள் தெருவில் உண்டு. பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மருத்துவச்சி என்று அர்த்தம். இரண்டாவது பட்டம் ஜாக்கெட்டில் குத்துகிற புரூச் மாதிரி, அழகுக்கு. வேலைக்குப் போனால், "சிஸ்டர், டிரே எடுத்துட்டு வாங்க." பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் வயிற்றைத் தொட்டு, இது நல்லபடியாகப் போகிறது, காத்திருப்போம் என்று தன் பொறுப்பில் முடிவு சொல்கிற அதிகாரம் இந்த ஆர்.எம்.முக்குக் கிடையாது. லண்டனுக்குப் போனாலும் கதை அதுதான். அங்கே செவிலியருக்கு ஒரு பதிவேடு, மருத்துவச்சிக்கு வேறு பதிவேடு, தேர்வும் வேறு. நம் ஆர்.எம்.மை அவர்கள் பார்த்துச் சிரிப்பதில்லை, நாகரிகமானவர்கள். முதியோர் வார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மருத்துவச்சி வேலைக்கு என்றே தனியாக ஒரு பட்டப்படிப்பு, பிளஸ் டூ முடித்ததும் நேராகப் போய்ச் சேருகிற மாதிரி நம் நாட்டில் இருக்கிறதா என்று கேட்டாள் அக்கா. கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கவுன்சலிங் பட்டியலில் தேடிப் பார்த்தாளாம். இல்லை அக்கா. நர்சிங்கின் வயிற்றுக்குள் இரண்டு செமஸ்டர் பாடமாக அது கிடக்கிறது. சென்னையில் மருத்துவச்சிகளுக்கென்று பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது 1854-ல். உன் மகள் பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது, பரீட்சைக்கு இரண்டு மார்க். நூற்று எழுபது வருஷம் நடந்து நடந்து, தனிப் பள்ளியிலிருந்து இரண்டு செமஸ்டருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

அரசாங்கம் சும்மா இருந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. 2018 டிசம்பரில் மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டி நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. நல்ல வாசகங்கள். மருத்துவச்சியே தலைமையேற்று நடத்துகிற பிரசவப் பிரிவு, பெண்ணுக்கு மரியாதை, கூட ஒரு துணை, தேவையில்லாத கத்திக்குத் தடை. படித்தபோது எனக்கே கண் கலங்கியது. பிறகு, யார் அந்த மருத்துவச்சி ஆகலாம் என்ற பக்கம் வந்தது. நான்கு வருஷ நர்சிங் முடித்து, ஆர்.என்., ஆர்.எம். பதிவு செய்து, இரண்டு வருஷம் பிரசவம் பார்த்த அனுபவம் பெற்று, அதற்கப்புறம் பதினெட்டு மாதப் பயிற்சி. அதாவது ஏற்கெனவே மருத்துவச்சி என்று கவுன்சில் முத்திரை குத்திய பெண், மருத்துவச்சி ஆவதற்காக மறுபடியும் படிக்க வேண்டும். முதல் முத்திரை பொய் என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட ஆவணம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான்கும் இரண்டும் ஆறு, ஒன்றரையைச் சேர்த்தால் ஏழரை.

எங்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். சனி பகவான் எங்கள் யூனியன் பிரதேசத்துக்காரர்தான், திருநள்ளாறு. அவர்கூட ஏழரை வருஷம் முடிந்ததும் விட்டுவிடுவார், போகும்போது ஏதோ கொஞ்சம் கொடுத்துவிட்டும் போவார் என்பார்கள். எம்.பி.பி.எஸ்.ஸே ஐந்தரை வருஷத்தில் முடிந்துவிடுகிறது. கத்தி எடுக்க ஐந்தரை, கத்தி எடுக்காமல் காத்திருக்க ஏழரை. 2023 ஆகஸ்டில் பழைய 1947-ம் வருஷத்து நர்சிங் கவுன்சில் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். தேசியச் செவிலியர் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம். பெயரில் மருத்துவச்சி வந்துவிட்டாள். பிரசவ அறைக்குள் எப்போது வருவாள் என்பதற்கு இன்னொரு சட்டம் வரும், பொறுங்கள்.

*

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன். அவர் பேத்தி பிரான்சில் சாஜ் ஃபாம் படிக்கிறாள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அறிவுள்ள பெண். அங்கே மருத்துவச்சிக்கு அதுதான் பேர். ஐந்து வருஷப் படிப்பு, 2023-ல் சட்டம் போட்டு ஆறாக்கி டாக்டர் பட்டம் என்று ஆக்கிவிட்டார்கள். டாக்டர், பல் டாக்டர், சாஜ் ஃபாம் மூவரையும் அந்நாட்டுச் சட்டம் ஒரே வகுப்பில் வைக்கிறது, மருத்துவத் தொழில் என்று. சிக்கல் இல்லாத பிரசவத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். சிக்கல் என்று அவள் சொன்னால்தான் டாக்டர் உள்ளே வருவார். "உன் அக்கா பொண்ணும் அதானே படிக்குது?" என்றார் தாத்தா. ஆமாம் தாத்தா என்றேன். வயசான மனுஷன், ஏன் வருத்தப்படுத்துவது? பிரெஞ்சுக்காரனிடமிருந்து நாம் வைத்துக்கொண்டது கொம்யூன் என்ற சொல்லையும், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பியையும்தான்.

கடல் தாண்டினால் இலங்கை. அங்கே நம் தமிழிலேயே மருத்துவமாது என்கிறார்கள், மரியாதையாக. 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில், வீடு வீடாகப் போய் வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்ப்பது அவள் பொறுப்பு. இத்தனை வீட்டுக்கு இந்த மாது என்று பெயரோடு ஆள் இருக்கும். நம்மிடமும் ஏ.என்.எம். இருந்தாள். 1970-களில் அவளைப் பல்நோக்கு ஊழியர் ஆக்கினார்கள். பல நோக்கில் முதலில் கண்ணை இழந்தது பிரசவம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்தாள், தடுப்பூசி போட்டாள், கொசு முட்டை பார்த்தாள், இப்போது நெட் கிடைக்கிற மொட்டை மாடி தேடி டேட்டா ஏற்றுகிறாள்.

மருத்துவச்சி என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். மருத்துவருக்குப் பெண்பால். ஆணுக்குச் சொன்னால் வெள்ளைக் கோட்டு, கார், வாசலில் போர்டு. பெண்ணுக்குச் சொன்னால் கொல்லைப்புறம். என்னைப் பிரசவம் பார்த்த அம்மா முடிதிருத்துகிற வீட்டுப் பெண். எங்கள் ஊரில் அந்த ஜனத்துக்குத்தான் அந்த வேலை. நடுராத்திரி என்றாலும் அரிக்கேன் விளக்கோடு ஆள் போகும், வருவார். கொல்லை வழியாகத்தான் வர வேண்டும். என் அம்மாவின் முதுகை அமுக்கிப் பிடித்து, தலை திரும்பவில்லை என்று கையால் கண்டுபிடித்து, என்னை இழுத்து வெளியே போட்டு, தலைகீழாகப் பிடித்துத் தட்டினாராம். கூலி ஒரு மரக்கால் நெல்லும் பழம்புடவையும். அதையும் கொல்லையில்தான் வைப்பார்கள், அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த உலகத்தில் என்னை முதலில் தொட்ட கை எங்கள் வீட்டுத் திண்ணையைத் தொடக்கூடாது. நான் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வயசில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், எழுபது வயசுக் கிழவியை, எட்டு வயசுப் பையன். அவர் என்னைப் பார்த்து, "வாங்க சின்னய்யா" என்பார்.

அவர் கையில் செத்தவர்களும் உண்டு. கிருமி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழம்பெருமை பாட எனக்கு ஆசையில்லை. இயற்கைப் பிரசவம், மூதாதையர் ஞானம் என்று இப்போது கைபேசியில் கடை விரிக்கிறார்களே, அவர்களிடம் 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்து ஒரு தாய் செத்ததைக் கேளுங்கள், சேனல் மாற்றுவார்கள். ஆஸ்பத்திரி வேண்டும், டாக்டர் வேண்டும், கத்தியும் வேண்டிய நேரத்தில் வேண்டும். நான் கேட்பது வேறு. அந்தக் கிழவிக்குச் சோப்பும் சுத்தமும் பாடமும் கொடுத்து, திண்ணையில் ஏற்றி உட்காரவைத்து, அவர் பேத்தியைப் பட்டதாரி மருத்துவச்சி ஆக்குவதற்குப் பதிலாக, வேலையை மட்டும் அவர் கையிலிருந்து பிடுங்கி, தீட்டைக் கழுவி, கட்டணம் போட்டு, தியேட்டருக்குள் கொண்டுபோனது யார்?

எண்கள் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், வரப்பைத் தாண்டினால் வருகிற தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிள்ளை சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 64. இந்தியா முழுக்கச் சேர்த்தால் 21.5. நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துக்கு மேல் எந்த வட்டாரத்துக்கும் நியாயம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 1985-ல். அரசு ஆஸ்பத்திரிக்கும் தனியாருக்கும் நடுவில் பெண்ணின் இடுப்பெலும்பு சுருங்கிவிடுகிறதா? சுருங்கும்தான், காப்பீட்டு அட்டையைப் பார்த்தால். போதாக்குறைக்கு ஜோசியர் வேறு. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதிலிருந்து ஒன்பது ஐம்பதுக்குள் எடுத்தால் பிள்ளை கலெக்டர் என்று எழுதிக் கொடுக்கிறார், டாக்டரும் அந்தச் சீட்டைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பின் குத்திக்கொள்கிறார். ஆர்.எம். பட்டம் பெற்ற பெண்ணுக்கு இல்லாத அதிகாரம் பஞ்சாங்கம் பார்ப்பவருக்கு உண்டு. தெலங்கானாவில் அதே ஆய்வில் 60.7. அவர்களுக்கு முன்பே பயம் வந்துவிட்டது போலிருக்கிறது, 2017-லேயே நர்சுகளை எடுத்து மருத்துவச்சிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளைச் சுழற்சி முறையில் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க விட்டபோது நன்றாகத்தான் பார்த்தார்கள். கை இருக்கிறது. கையைக் கட்டிவைத்து நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறோம்.

மே 5 உலக மருத்துவச்சிகள் தினம். எங்கள் பக்கத்தில் அன்று ஒன்றும் நடக்காது. மே 12 செவிலியர் தினம். அன்று கல்லூரி கல்லூரியாக மெழுகுவத்தி, கேக், சிறப்பு விருந்தினர், தாமதமாக வருகிற எம்.எல்.ஏ. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் படத்துக்குச் சாமந்தி மாலை. அந்த அம்மாளும் 1860-களில் லண்டனில் மருத்துவச்சிகளைப் பழக்க ஒரு பிரசவ வார்டு வைத்திருந்தார். பிரசவக் காய்ச்சலில் தாய்மார் சாகச் சாக, அதை ஒளிக்காமல் எண்ணினார். ஆசையாகத் திறந்த அந்த வார்டும் மூடப்பட்டது. 1871-ல் கணக்கோடு புத்தகமும் போட்டார், வீட்டில் பெற்றவளைவிட ஆஸ்பத்திரியில் பெற்றவள் அதிகம் செத்தாள் என்று. அவர் கையில் அக்கா மகளின் கேஸ் புக் கிடைத்திருந்தால் மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

அத்தானுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. படித்து முடித்ததும் வேலை என்று கல்லூரியில் சொன்னார்களாம். சொன்னபடியே போன பேட்ச் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாதம் பத்தாயிரத்துக்குக் கீழே, பன்னிரண்டு மணி நேர நைட் டூட்டி, ஒரிஜினல் சர்டிபிகேட் அலுவலகப் பீரோவில் பத்திரமாக இருக்கும். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியானாலும் நர்சுக்கு இருபதாயிரத்துக்குக் குறையாமல் கொடு என்று 2016-லேயே பரிந்துரைத்தது. பரிந்துரையும் ஏதோ ஒரு பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கும்.

*

கேஸ் புக் கையெழுத்தாகி வந்த நாலாம் நாள், விடிகாலை மூன்றரை இருக்கும், கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு மருமகள். இரண்டாவது பிள்ளை. 108-க்குப் போன் போட்டாயிற்று, வந்துகொண்டிருக்கிறதாம். "உங்க வீட்ல நர்சு பொண்ணு இருக்குதே, கொஞ்சம் கூட இருக்கச் சொல்லுங்க."

போனாள். கை நடுங்கியதைப் பார்த்தேன். நான் வாசலில் நின்றேன், வேறு எங்கே நிற்பது? உள்ளேயிருந்து அந்தப் பெண் அலறிய அலறல் கேஸ் புக்கில் இருபது பேரும் சேர்த்து வைத்திருந்த அலறல். நடுவில் அக்கா மகள் குரல், "முக்காதீங்கக்கா, இப்ப முக்காதீங்க, ஊதுங்க, வாயால ஊதுங்க." பொம்மையிடம் பேசிய பேச்சில்லை அது. சுடுதண்ணி கேட்டாள், துணி கேட்டாள், விளக்கை இந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னாள். அப்புறம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவள் மணி பார்த்திருக்கிறாள். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல்.

கொடி ஒரு சுற்றுக் கழுத்தில் சுற்றியிருந்ததாம். விரலை விட்டுத் தலைக்கு மேலாகக் கழற்றியிருக்கிறாள். பிள்ளை நீலம் பூத்துத் துவண்டிருந்தது, துண்டால் முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழவைத்திருக்கிறாள். சுத்தமான பிளேடு இல்லாததால் கொடியை வெட்டவில்லை. பிள்ளையைத் தாயின் மார்போடு போட்டுப் போர்த்திவிட்டுக் காத்திருந்தாள். 108 வந்தது. அதில் வந்த தம்பி கிளிப் போட்டு வெட்டினார். தலையை இவள் பிடித்தாள், கொடியை இன்னொருவர் வெட்டினார். அவள் கணக்குப்படி இதுவும் அரைதான். ஆக மொத்தம் இரண்டு.

ஆஸ்பத்திரியில் தாளில் எழுதினார்கள்: வரும் வழியில் பிறந்தது. பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு. இவளை வாசலிலேயே நிறுத்தி, "நீ யாரும்மா? அட்டெண்டரா? ஒருத்தர்தான் அலவ்டு" என்றார் செக்யூரிட்டி.

அன்று ராத்திரி மறுபடியும் பாயை விரித்தாள். ஸ்கேலை எடுக்கவில்லை. 21 என்று நம்பர் போட்டு, உள்ளங்கையில் பேனாவால் குறித்து வைத்திருந்த மணிகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். அடித்தும் திருத்தியும் இரண்டு பக்கம். பிறந்த ஒரு நிமிஷத்தில் அப்கார் 6, ஐந்தாம் நிமிஷம் 9.

மறுநாள் சாயங்காலம் புத்தகம் திரும்பி வந்தது. மேடம் அந்த இரண்டு பக்கத்துக்கும் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டிருந்தார். ஓரத்தில் மூன்று குறிப்பு. பேரன்ட் ஹாஸ்பிடல் ஸ்டாம்ப் இல்லை. இருபது போதும், எக்ஸ்ட்ரா கேஸ் எழுத வேண்டாம். அப்கார் 6 எப்படி வந்தது? மற்ற கேஸ்களைப் பார்த்துச் சரியாக எழுதவும்.